கணிப்பொறி மொழிகளின் பதிப்பு மாற்றமும் வழிநூல் மரபும்

முன்னுரை

மக்கள் பேசும் மொழி மாறும் நாளை எவரும் குறித்து வைப்பதில்லை. ஒரு சொல் வழக்கொழிந்ததையும் ஒரு விகுதி வேறு பொருள் ஏற்றதையும் பிற்காலத்து ஆய்வாளரே கண்டறிகின்றனர். கணிப்பொறி மொழிகளின் நிலை வேறு. அவற்றில் மாற்றம் ஆண்டும் நாளும் குறித்து அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பு வெளியான அன்றே, முந்தைய பதிப்பைக் கற்று அதில் பழகியோர் புதிய பதிப்புக்கு மாறவேண்டிய தேவை தோன்றிவிடுகிறது. இத்தகையோருக்கென எழுதப்படும் நூல்கள் தனி வகையைச் சார்ந்தவை. அவை மொழியை முதலிலிருந்து கற்பிப்பதில்லை. கற்றவர் அறிந்ததற்கும் இனி அறியவேண்டியதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே கூறுகின்றன.

இவ்வகை நூல்களின் வரலாற்றைச் சி, சி++, பைத்தான் ஆகிய மூன்று மொழிகளின்வழி இக்கட்டுரை நோக்குகிறது. தமிழில் இவ்வகை போதிய அளவு வளராமையால் நேரும் இடர்ப்பாட்டினைத் தமிழகப் பாடநூல்களைக் கொண்டும், சித்திரபுரம் போன்ற கேரள எல்லைப்புறத் தமிழ்ப் பகுதிகளின் கல்விச் சூழலைக் கொண்டும் விளக்குகிறது.

வழிநூல் என்னும் வகை

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்துக் காண்பது தமிழிலக்கண மரபு. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுக்கிறது. நன்னூல், வழிநூலாசிரியன் முன்னோர் முடிபோடு ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் உடன் கூறுவான் என விளக்குகிறது. இவ்விளக்கத்தின் இரண்டாம் பகுதியே இங்கு நோக்கத்தக்கது. முன்னைய நூலைக் கற்றவன் பின்னைய நூலை ஏன் கற்கவேண்டும் என்னும் வினாவிற்கு, அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடே விடையாகிறது.

வேறுபாடு இருவகைப்படும். ஒன்று, வடிவம் மாறிப் பொருள் மாறாமை. தமிழக அரசு 1978ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் இதற்குச் சான்று. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் வரிவடிவம் மாறியது. ஒலியும் பொருளும் மாறவில்லை. பழைய வடிவங்களில் பழகியவர் புதிய வடிவங்களைக் கண்டவுடன் மாற்றம் நேர்ந்ததை உணர்ந்தனர். ஒரு பக்க அட்டவணையே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. மற்றொன்று, வடிவம் மாறாமல் பொருள் மாறுதல். நாற்றம் என்னும் சொல் பண்டை இலக்கியத்தில் நறுமணத்தைக் குறித்தது. இக்காலத்தில் தீய மணத்தைக் குறிக்கிறது. சொல் அதே சொல்லாதலின், படிப்பவர் ஐயமின்றித் தவறான பொருளைக் கொள்வர். இவ்விடத்தில்தான் உரையாசிரியரின் துணை இன்றியமையாததாகிறது. கணிப்பொறி மொழிகளிலும் இவ்விருவகை மாற்றங்களும் உண்டு. இரண்டாம் வகையை உணர்த்துவதே வழிநூலின் தலையாய பணி எனலாம்.

சி மொழியும் ஓசையற்ற மாற்றங்களும்

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரையன் கெர்னிகன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் எழுதிய சி மொழி நூல் 1978இல் வெளிவந்தது. தர வரையறை எதுவும் இல்லாத அக்காலத்தில் அந்நூலே அம்மொழியின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1989இல் சி மொழிக்குத் தரம் வகுத்தது. 1990இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. அத்தரத்தின் முன்வரைவைத் தழுவி 1988இலேயே அந்நூலின் இரண்டாம் பதிப்பு வெளியிடப்பட்டது. நூலாசிரியர்கள் நூலின் அமைப்பைப் பெரிதும் மாற்றாமல், முதற்பதிப்பிலிருந்து மொழி மாறிய இடங்களைத் தொகுத்து ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தனர். முன்னரே கற்றவருக்கு அப்பின்னிணைப்பே வழிநூலாக விளங்கியது.

தரத்துடன் வெளியிடப்பட்ட விளக்கவுரை, சில மாற்றங்களை ஓசையற்ற மாற்றங்கள் எனத் தனியே சுட்டியது. பழைய நிரல் புதிய நிரல்பெயர்ப்பியில் பிழைச்செய்தி எதுவும் இன்றி ஏற்கப்படும். ஆனால் விடை வேறாகும். எதிர்க்குறி ஏற்காத சிறிய முழு எண்ணைப் பெரிய வகைக்கு உயர்த்தும்போது, முன்பு பல நிரல்பெயர்ப்பிகள் எதிர்க்குறி ஏற்காத தன்மையைக் காத்தன. புதிய தரமோ எண்ணின் மதிப்பைக் காக்கும் முறையைத் தேர்ந்தது. இதனால் சில ஒப்பீடுகளின் முடிவு தலைகீழாயிற்று. நாற்றம் என்னும் சொல்லின் பொருள்மாற்றத்தோடு இதனை ஒப்பிடலாம்.

வடிவ மாற்றங்களோ நெடுங்காலம் இரு வழக்காக நிலவின. செயற்கூற்றின் அளபுருக்களை அடைப்புக்குறிக்கு வெளியே அறிவிக்கும் 1978ஆம் ஆண்டு முறை, 1989இல் கைவிடத்தக்கது எனக் குறிக்கப்பட்டது. ஆயினும் 2024இல் வெளிவந்த தரத்திலேயே அது முற்றிலும் நீக்கப்பட்டது. கைவிடத்தக்கது என்பதற்கும் நீக்கப்பட்டது என்பதற்கும் இடையே ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழிந்தன.

சி++ மொழியும் தமிழகப் பாடநூல்களும்

பியார்ன் ஸ்ட்ரௌஸ்டிரப் எழுதிய சி++ நூலின் முதற்பதிப்பு 1985இலும், இரண்டாம் பதிப்பு 1991இலும், மூன்றாம் பதிப்பு 1997இலும் வெளிவந்தன. பன்னாட்டுத் தரம் 1998இல் உருவாயிற்று. இத்தரத்திற்கு முன்னரே, 1990இல், போர்லாண்டு நிறுவனம் டர்போ சி++ என்னும் நிரல்பெயர்ப்பியை வெளியிட்டது. குறைந்த திறனுடைய கணிப்பொறியிலும் இயங்கியமையால் இந்தியப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அது வேரூன்றியது. தரம் வந்த பின்னரும் அகலவில்லை.

தமிழக மேல்நிலைக் கல்விக்கென 2000களின் நடுப்பகுதியில் உருவான கணிப்பொறி அறிவியல் பாடநூல் இந்நிலையைக் காட்டுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியான அந்நூலின் நிரல்கள், தரத்திற்கு முற்பட்ட ஐஓஸ்ட்ரீம்.எச் என்னும் தலைப்புக் கோப்பைக் கொண்டு தொடங்கின. முதன்மைச் செயற்கூறு வாய்டு மெயின் என எழுதப்பட்டது. 1998ஆம் ஆண்டுத் தரத்தில் அக்கோப்பின் பெயர் எச் என்னும் ஒட்டினை இழந்தது. முதன்மைச் செயற்கூறு முழு எண்ணைத் திருப்பி அளித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய பாடநூலே தரத்திற்கேற்ற வடிவத்தைக் கையாண்டது. தரம் தோன்றிய 20 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மாற்றம் இது.

மேற்கூறிய இரண்டும் ஓசையுள்ள மாற்றங்கள். பழைய நிரலை இன்றைய நிரல்பெயர்ப்பியில் இட்டால் பிழைச்செய்தி தோன்றும். மாணவர் காரணத்தைத் தேடுவர். முழு எண்ணின் அளவு இதனின் வேறானது. டர்போ சி++இல் முழு எண் வகை 2 பைட்டுகளைக் கொண்டது. அதன் உச்ச மதிப்பு 32,767. அதனோடு 1 கூட்டினால் விடை எதிர்மறையாகி −32,768 என வரும். இன்றைய நிரல்பெயர்ப்பிகளில் அவ்வகை பெரும்பாலும் 4 பைட்டுகளைக் கொண்டதாதலின் 32,768 என்றே விடை வரும். இதில் மொழித் தரம் மாறவில்லை. தரம் கருவிக்கு விட்டுவைத்த இடத்தில் கருவி மாறியது. முழு எண் 2 பைட்டு என மனப்பாடம் செய்த மாணவருக்கு இம்மாற்றத்தை எந்தப் பிழைச்செய்தியும் அறிவிப்பதில்லை. வழிநூலே அறிவிக்கவேண்டும்.

பைத்தான் மொழியும் தமிழ் எழுத்தும்

பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்தது. முந்தைய பதிப்போடு இணக்கம் கெடும் என்பதை அறிந்தே அதன் ஆசிரியர்கள் இம்மாற்றத்தை மேற்கொண்டனர். இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2015இல் முடியும் என முதலில் கருதப்பட்டது. 2014இல் அக்காலவரை 2020 வரை நீட்டிக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் வழிநூல்கள் தோன்றின. மார்க் பில்கிரிம் 2004இல் எழுதிய பைத்தான் நூலுக்கு மூன்றாம் பதிப்பைத் தழுவிய புதிய நூலை 2009இல் வெளியிட்டார். பழைய நிரலை மாற்றி எழுதும் முறையை அதன் பின்னிணைப்பில் விளக்கினார். லென்னார்ட் ரெகிப்ரோ 2011இல் மாற்றத்தையே பொருளாகக் கொண்டு தனிநூல் எழுதினார்.

இம்மாற்றத்திலும் இருவகை உண்டு. பிரிண்ட் என்னும் கூற்று செயற்கூறாகி அடைப்புக்குறியை வேண்டியது ஓசையுள்ள மாற்றம். வகுத்தல் குறி ஓசையற்றது. 7ஐ 2ஆல் வகுத்தால் இரண்டாம் பதிப்பில் 3 என வந்த விடை, மூன்றாம் பதிப்பில் 3.5 என வருகிறது. பழைய விடையே வேண்டுமாயின் குறியை இரட்டித்து எழுதுதல் வேண்டும். சராசரியும் மதிப்பெண்ணும் கணக்கிடும் நிரல்களில் இவ்வேறுபாடு சிறிதன்று.

தமிழுக்கு மிக நெருக்கமான மாற்றம் சரங்களில் நிகழ்ந்தது. இரண்டாம் பதிப்பில் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யூடிஎப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை ஏற்பதால், தமிழ் என்னும் சொல்லின் நீளம் 15 எனக் கூறப்பட்டது. மூன்றாம் பதிப்பில் சரம் ஒருங்குறிக் குறியீடுகளின் வரிசையாயிற்று; அதே சொல்லின் நீளம் 5 ஆயிற்று. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள் எண்ணப்படுகின்றன. தமிழிலக்கணப்படியோ அச்சொல்லில் உள்ள எழுத்துகள் மூன்று. புள்ளி மெய்யின் அடையாளமேயன்றித் தனி எழுத்தாகாது. ஆகவே புதிய பதிப்பு முந்தையதைக் காட்டிலும் தமிழுக்கு அணுக்கமானதாயினும், எழுத்தெண்ணிக்கையைத் தானே தருவதில்லை. ஓப்பன் தமிழ் போன்ற நிரலகங்கள் குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுத்து இக்குறையை நிறைவு செய்கின்றன. பிறமொழி வழிநூல்கள் தமிழ் எழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல. இவ்விளக்கத்தைத் தமிழில் எழுதப்படும் நூலிடமே எதிர்பார்க்க இயலும்.

எல்லைப்புறத் தமிழ் மாணவர்

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றை அடுத்துச் சித்திரபுரம் அமைந்துள்ளது. 1940இல் தொடங்கப்பெற்ற பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தோடும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களோடும் இணைந்து வளர்ந்த ஊர் இது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பகுதியினர் தமிழர். பாலக்காட்டு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்திலும் தமிழர் மிகுதி. 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தோடு இணைந்தன. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் மொழியுரிமைக்கு இடமளித்தது. கேரளக் கல்வித்துறை தமிழ்வழிப் பள்ளிகளுக்கெனத் தமிழில் பாடநூல் வெளியிட்டு வருகிறது. தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் அவற்றுள் ஒன்று.

மேல்நிலைக் கல்வியில் நிலை மாறுகிறது. கேரளத்தில் 2014இல் வெளிவந்த மேல்நிலைக் கணிப்பொறி அறிவியல் நூல் ஆங்கிலத்தில் அமைந்தது. கட்டற்ற மென்பொருட் கொள்கைக்கேற்ப ஜிசிசி நிரல்பெயர்ப்பியைக் கொண்டு சி++ மொழியை அது கற்பித்தது. அதே ஆண்டுகளில் தமிழகப் பாடநூல் தரத்திற்கு முற்பட்ட வடிவத்தைத் தமிழில் கற்பித்தது. ஆகவே 2014 முதல் 2018 வரை, மலையின் ஒருபுறம் புதிய வடிவம் ஆங்கிலத்திலும், மறுபுறம் பழைய வடிவம் தமிழிலும் வழங்கின. சித்திரபுரத்திலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கும் மதுரைக்கும் மேற்படிப்பிற்குச் செல்லும் மாணவர் உண்டு. அவருக்குப் பயிற்றுமொழி, கணிப்பொறி மொழியின் வடிவம் ஆகிய இரண்டும் ஒருங்கே மாறும் நிலை ஏற்பட்டது. தமிழில் பொருள் விளங்கவேண்டித் தமிழக நூலை நாடியவர், தம் தேர்விற்குப் பொருந்தாத வடிவத்தையே அதில் கண்டிருப்பர். இரண்டு நூல்களும் தத்தம் எல்லைக்குள் குறைவற்றவை. இரண்டையும் இணைக்கும் சில பக்கங்களே இல்லாதவை.

2019இல் தமிழகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தான் மூன்றாம் பதிப்பிற்கு மாறியது. இம்மாற்றம் பாராட்டத்தக்கது. எனினும் அந்நூல் அறிமுக நூலாகவே அமைந்தது. அறிமுக நூல் படிப்பவரை எதுவும் அறியாதவராகக் கொள்கிறது. முந்தைய ஆண்டில் சி++ கற்றுவந்த மாணவரும், பல ஆண்டுகள் அதனைக் கற்பித்த ஆசிரியரும் எவ்விடத்தில் இடறுவர் என்பதை அது கூறவேண்டியதில்லை. தமிழில் வெளிவந்துள்ள கணிப்பொறி நூல்களுள் மிகுதியானவை இத்தன்மையன. தொல்காப்பிய வகைப்பாட்டின்படி நோக்கின், தொகுத்தலும் மொழிபெயர்த்தலும் தமிழில் நன்கு நிகழ்ந்துள்ளன. வேறுபாடு கூறலே அரிதாக உள்ளது.

வழிநூலின் மொழிநடை

இவ்வகை நூலைத் தமிழில் எழுதுவதற்கு மொழித்தடை இல்லை. தேவைப்படுவது சொல்லாட்சியில் கட்டுப்பாடு. இன்று செல்லும், ஆனால் தவிர்த்தல் நலம் என்னும் நிலையைக் கைவிடத்தக்கது என்றும், இனிச் செல்லாது என்னும் நிலையை நீக்கப்பட்டது என்றும் வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும். இரண்டையும் பழையது என்னும் ஒரே சொல்லால் குறித்தால், இயங்கும் நிரலைத் தேவையின்றித் திருத்துவோரும், இயங்காத நிரலை நம்புவோரும் உருவாவர். காலம் காட்டும் வினைமுற்றுகளிலும் இதே கவனம் வேண்டும். இவ்வாறு எழுதுவர் எனப் பதிப்பு குறிக்காமல் கூறும் தொடர், பத்தாண்டு கழிந்தபின் பிழையாகிவிடும். இன்ன பதிப்பில் இவ்வாறு எழுதப்பட்டது எனக் கூறும் தொடர் எக்காலத்தும் உண்மையாக நிற்கும்.

முடிவுரை

கணிப்பொறி மொழியின் மாற்றங்களுள் வடிவ மாற்றத்தைக் கருவியே பிழைச்செய்தியால் உணர்த்திவிடுகிறது. பொருள்மாற்றத்தை நூலன்றி வேறொன்றும் உணர்த்துவதில்லை. சி மொழியின் 1988ஆம் ஆண்டுப் பின்னிணைப்பும் பைத்தான் மொழியின் மாற்ற நூல்களும் இத்தேவையை உணர்ந்து எழுந்தவை. தமிழில் இதற்குப் பெருநூல்கள் வேண்டுவதில்லை. பாடநூல் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் பழைய வடிவம், புதிய வடிவம், வடிவம் மாறாமல் பொருள் மாறியவை என்னும் மூன்று பத்திகளுடைய ஒரு பின்னிணைப்பைச் சேர்ப்பது தொடக்கமாக அமையும். அதில் மூன்றாம் பத்தியையே விரித்தெழுதுதல் வேண்டும். தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலப் பாடநூல்களையும் ஒப்பிட்டு அப்பின்னிணைப்பு அமையுமாயின், சித்திரபுரத்து மாணவர் தம் தாய்மொழியிலேயே ஒரு பதிப்பிலிருந்து மறு பதிப்பிற்குத் தடுமாற்றமின்றிச் செல்ல இயலும்.