தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடிய சட்டமன்றம்

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் மலேசியாவின் பேராக் மாநிலச் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 இடங்களை ஜனநாயகச் செயல் கட்சி, மக்கள் நீதிக் கட்சி, பாஸ் ஆகியவை சேர்ந்து வென்றன. அதற்கு முந்தைய நவம்பரில், இந்தியர் உரிமைகளைக் கோரிய இண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் பின், தோட்டத்து வேர் கொண்ட குடும்பங்கள் உட்படத் தமிழ் வாக்காளர் திரளாக அணி மாறியது இவ்வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசார், அதாவது மாநில அரசின் தலைவர், ஆனார். துரோனோ உறுப்பினர் வி. சிவகுமார் சபாநாயகராகி, மலேசியாவில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியரானார்.

2009 பிப்ரவரியில் ஆளும் அணியின் மூவர் விலகி, எதிரணியான தேசிய முன்னணியை ஆதரிக்கவே, இரு தரப்பும் 28க்கு 28 என நிற்க, அம்மூவரே ஆட்சியைத் தீர்மானிப்பவர்களாயினர். மன்றத்தைக் கலைக்குமாறு நிஜார் வேண்டியதை, நாட்டின் நீதித்துறைத் தலைவராகவும் முன்னர் இருந்த சுல்தான் அஸ்லான் ஷா ஏற்காமல், தேசிய முன்னணியின் சம்ரி அப்துல் காதிருக்கு மந்திரி பெசாராகப் பிப்ரவரி 6 அன்று பதவிப் பிரமாணம் செய்வித்தார். நிஜாரோ விலக மறுத்தார்.

இவ்வாறு இரு தரப்பும் நகர இயலாமல் நிற்பதை ஆங்கில ஏடுகள் 'இம்பாஸ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறித்தன. முட்டுச்சந்துக்கு வழங்கிய கொச்சையான பழைய பெயருக்கு மாற்றாக 18ஆம் நூற்றாண்டில் வால்டேர் பரிந்துரைத்த இச்சொல், 'கடந்து செல்ல இயலாதது' என்னும் பொருளுடையது.

முட்டு எங்கிருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பேராக் அரசியலமைப்பின் 16(6)ஆம் பிரிவு, பெரும்பான்மையினரின் நம்பிக்கையை இழந்த மந்திரி பெசார், மன்றம் கலைக்கப்படாவிடில் விலக வேண்டும் என்கிறதே தவிர, அந்த இழப்பை எங்கே, எவ்வாறு உறுதிசெய்வது என்பதைச் சொல்லவில்லை. 1966இல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், மன்ற வாக்கெடுப்பே அளவுகோல் என நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2009இல் பேராக்கில் மன்றமே பூட்டப்பட்டிருந்தது. மார்ச் 3 அன்று ஈப்போ மாநிலச் செயலகத்துள் நுழைய முடியாத நிலையில், சிவகுமார் அருகிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் அவையைக் கூட்டி, நிஜாருக்கு ஆதரவான தீர்மானத்தையும் கலைப்பைக் கோரும் தீர்மானத்தையும் நிறைவேற்றினார்.

மே 7 அன்று முட்டு உச்சத்தை எட்டியது. சிவகுமார் ஆசனத்தில் இருக்கும்போதே தேசிய முன்னணியைச் சேர்ந்த மலேசிய இந்தியக் காங்கிரஸின் (மஇகா) ஆர். கணேசன் புதிய சபாநாயகராக அறிவிக்கப்பட்டார். இறுதியில் சிவகுமாரைக் காவலர்கள் அவையிலிருந்து இழுத்துச் சென்றனர். தொடக்கவுரை ஆற்ற வந்த பேராக் பட்டத்து இளவரசர் ராஜா நஸ்ரின் பல மணிநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஓர் ஆசனத்துக்கு உரிமை கோரிய இருவருமே இந்தியர் என்பது, தோட்டத்து எல்லைக்குள் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த சமூகத்தின் வரலாற்றில் வருத்தத்தோடு பதியப்பட வேண்டிய செய்தி.

மே 11 அன்று உயர் நீதிமன்றம் நிஜாருக்கும், மே 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சம்ரிக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தன. நம்பிக்கை இழப்பை மன்றத்துக்கு வெளியிலும் அறியலாம் எனக் கூறிக் கூட்டரசு நீதிமன்றம் 2010 பிப்ரவரி 9 அன்று சம்ரியின் பதவியை உறுதிசெய்தது. சட்டப்படி இது முடிவு. எனினும், வாக்களித்த மக்கள் கண்முன்னே தலை எண்ணும் வழியைக் காட்டிலும் இது நேரியதாகாது. பத்தாண்டுக்குப்பின், 2020 டிசம்பர் 4 அன்று, மந்திரி பெசார் அகமது பைசால் அசுமு அதே பேராக் மன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கோரி, 10க்கு 48 என்ற கணக்கில் தோற்று, மறுநாள் பதவி விலகினார்.