காதுக்குள் விரிந்த மைதானம்

குருவிகுளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் வானொலிப் பெட்டிக்கென்றே ஒரு மாடம் இருந்தது. பார்வை மங்கிப்போன பெரியவாப்பா அதனருகிலேயே அமர்ந்திருப்பார். 1975 மார்ச் 15-ஆம் நாள் கோலாலம்பூரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உலகக்கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தில் மோதின. ஜஸ்தேவ் சிங் இந்தியில் வருணித்ததைக் கேட்க, அம்மொழி அறியாத எங்கள் தெருவே அங்கு கூடியிருந்தது. அண்டையிலுள்ள கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊராகையால் ஆட்டம் எங்களுக்குப் புதிதன்று. குரல் ஏறினால் பந்து முன்னேறுகிறது, தாழ்ந்தால் பறிபோயிற்று. இவ்வளவே எங்கள் மொழிபெயர்ப்பு! அசோக் குமாரின் பெயர் ஒலித்த விதத்திலேயே வெற்றியை அறிந்துகொண்டோம்.

காணாததைக் காணச்செய்யும் இக்கலைக்கு நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதே ஆகிறது. 1921 ஆகஸ்டு 5-ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹெரால்டு ஆர்லின் என்பவர் பேஸ்பால் ஆட்டமொன்றை வானொலியில் வருணித்தார். 1927-இல் பி.பி.சி. கால்பந்தாட்டத்தை ஒலிபரப்பியபோது, மைதானத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த படம் ஏட்டில் அச்சிடப்பட்டது. வருணனைக்கிடையே மற்றொரு குரல், பந்து நிற்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. 1938-இல் ஆஸ்திரேலியர்கள் செய்தது இன்னும் வேடிக்கை. இங்கிலாந்திலிருந்து வந்த தந்திகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைக் கண்ணால் காணாமலே சிட்னியில் அமர்ந்து வருணித்தனர். மட்டையில் பந்து படும் ஓசைக்கு மரத்தைப் பென்சிலால் தட்டினர்!

நம் நாட்டில் 1934-இல் பம்பாயில் பார்சி அணியும் முஸ்லிம் அணியும் ஆடிய ஆட்டத்தின் வழியே இத்துறையில் புகுந்தவர் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான். நாள் முழுவதும் தாமொருவரே பேசுவார்; ஒலிவாங்கியைப் பிறருடன் பகிர அவர் மனம் ஒப்பவில்லை.

1946-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியைப் பின்தொடர்ந்து வருணித்த ஜான் ஆர்லட்டோ முன்னாள் போலீஸ்காரர், கவிஞர், பி.பி.சி.யில் கவிதை நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர். மேகத்தையும் புல்லையும் புறாவையும் விடாமல் சொல்லும் அவரது வருணனையை நினைக்கையில் நம் அகப்பாடல்களே நினைவுக்கு வருகின்றன. அங்கும் நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் மரமும் கருப்பொருள். அவற்றினூடேதான் மாந்தரின் உணர்வு விளங்கும். வானொலி வருணனைக்கும் அதுவே முறை. சேப்பாக்கத்தில் பிற்பகல் கடற்காற்று எத்திசையில் வீசுகிறது என்று தெரியாமல் பந்துவீச்சு நேயருக்கு எப்படிப் புரியும்?

1980-இல் ஆர்லட் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஆடிய ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் வாயிலாகத் தமிழ் கிரிக்கெட் வருணனை பிறந்தது. அதில் புகழ்பெற்றவர், 2020-இல் மறைந்த மர்ஹூம் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அவர் வானொலி நாடகத்தில் குரல் பழகியவர். உடன் வருணித்த கூத்தபிரானும் நாடகக்காரரே. தமிழ் வருணனையின் சிறப்புக்கு இதுவே காரணமென்பது என் துணிபு. எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினால் கேட்பவன் நெஞ்சு துடிக்கும் என்பதை நாடகம் கற்பித்திருந்தது. களத்தில் நிற்கும் இடங்களின் பெயர்கள் ஆங்கிலமாகவே இருந்தன. வினைச்சொற்களோ தமிழாயின, பந்து எழும்பியது, திரும்பியது, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. மொழி வாழ்வது வினையில் அல்லவா!

1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்டின் கடைசி ஓவர். வெற்றிக்கு 4 ஓட்டங்கள் தேவை. கையிலிருப்பது ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்றை எடுத்துச் சமன் செய்தார். ஐந்தாம் பந்தில் மணிந்தர் சிங் ஆட்டமிழந்தார். ஒரு பந்து வீசப்படாமலே ஆட்டம் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறை. திண்ணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2017 முதல் தொலைக்காட்சியில் தமிழுக்கென்றே விளையாட்டு அலைவரிசை உண்டு. பேசுவோர் பலர் முன்னாள் ஆட்டக்காரர்கள், நுணுக்கம் அறிந்தவர்கள்தாம். ஆயினும் படம் கண்முன் இருப்பதால், பந்து சென்ற திசையைச் சொல்லும் கடமை அவர்களுக்கில்லை. இந்தக் குறையை அன்றே உணர்ந்தவர் பெரியவாப்பா. எங்கள் தெருவுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், கூட்டம் ஆரவாரிக்கும்போதெல்லாம், “பந்து எந்தப் பக்கம் போச்சு?” என்று கேட்பார். நான் சொல்லிப் பார்த்தேன். சொல் கிடைப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். இரண்டாவது ஓவரில் அவர் என் தோளைத் தட்டி, “நீ பாரு, எனக்கு அந்த ரேடியோவைத் திருப்பிவிடு” என்றார்.