உடை களையும் கூடம்

பண்டைய உரோமரின் பொதுக் குளியல் மண்டபங்கள் என்றதும் வெந்நீர்த் தடாகங்களும் பளிங்குத் தளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை அடையுமுன் எவரும் கடந்து செல்ல வேண்டிய ஓர் இடம் இருந்தது. அதுவே உடை களையும் கூடம். கிரேக்கர் அதனை அப்போடிற்றீரியன் என அழைத்தனர். உரோமரும் அச்சொல்லையே தமதாக்கிக்கொண்டனர்.

கிரேக்கரிடையே இக்கூடம் உடற்பயிற்சிக் களத்தோடு இணைந்திருந்தது; உரையாடலுக்கும் உரிய இடமாயிற்று. ஏதென்ஸ் நகரின் லைசியத்தில் இத்தகைய கூடமொன்றிலே சோக்கிரதீஸ் தனியே அமர்ந்திருந்ததாகப் பிளேற்றோ தமது 'யூதிடீமஸ்' நூலிற் கூறுகிறார்.

உரோமரிடத்தோ இக்கூடம் ஓர் அச்சத்தையும் உடன் கொண்டிருந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரின் ஸ்ராபியன் குளியல் மண்டபத்தில், உடைகளை வைப்பதற்கான சுவர்மாடங்களை இன்றும் காணலாம். திறந்த மாடத்தில் வைத்த துணிக்குக் காவல் வேண்டுமல்லவா? செல்வர் தம் அடிமைகளை உடன் அழைத்து வந்தனர். ஏனையோர்க்குக் கூலிக்குக் காக்கும் உடைக்காவலர் இருந்தனர். 301ஆம் ஆண்டில் டயோகிளீஷியன் பேரரசர் பிறப்பித்த விலைக் கட்டளை, இக்காவற்கூலி ஒருவருக்கு 2 தினாரியை மிஞ்சலாகாது என விதித்தது. அதே கட்டளை வயற்கூலியாளின் ஒருநாட் கூலிக்கு விதித்த எல்லை 25 தினாரி.

காவல் இருந்தும் களவு ஓயவில்லை. ஜஸ்டினியன் காலத்துச் சட்டத்தொகுப்பு குளியல் மண்டபத் திருடருக்கெனத் தனித் தலைப்பொன்றையே ஒதுக்கியது. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீரூற்றில் 1979ஆம், 1980ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வில் ஏறத்தாழ 130 ஈயத்தகடுகள் கிடைத்தன. அவற்றுட் பல, பொருளைப் பறிகொடுத்தோர் சூலிஸ் மினர்வா தேவியிடம் எழுதிய முறைப்பாடுகள். மேலங்கி, குளியலாடை, கையுறை, ஆறு வெள்ளி நாணயம் என இழந்தவை யாவும் சிறியனவே. ஆனால் சாபங்கள் சிறியனவல்ல. டொசிலியானஸ் என்பவன், தன் மேலங்கி கோயிலுக்கு வந்து சேரும்வரை திருடனுக்குத் தூக்கமும் பிள்ளைப்பேறும் வாய்க்கலாகாது என வேண்டுகிறான்.

நெய்த துணி மலிவாகக் கிடைக்காத காலம் அது. ஒரு மேலங்கியை இழந்தவன் குளிர்காலத்துக்கான காப்பையே இழந்தான். அதனை உணர்ந்தால் அச்சாபத்தின் கடுமை நமக்கு விளங்கும்.

உடையோடு உயர்வு தாழ்வையும் களைந்து யாவரும் சமமாகும் இடம் எனப் பொதுக் குளியலைப் போற்றுவதுண்டு. ஆயினும் காவலுக்கு ஆள் வைத்திருந்தவனே கவலையின்றி நீராடினான். திருடன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ என அடுக்கிச் செல்கின்றன அத்தகடுகள். பொருளைப் பறிகொடுத்தவனின் ஐயத்தில் மட்டுமே அங்கு எல்லோரும் சமமாயினர்.