மாட்டின் மேல் கை வைப்பவர் யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பைப் பக்கமெல்லாம் ஏரும் மாடும் போன இடத்தில் இன்றைக்குக் கார் தொழிற்சாலைகள் நிற்கின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கிப் போச்சு. பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் ஒன்றிரண்டு கறவை மாடு இருக்கத்தான் செய்கிறது. பத்து மாடு உள்ளவருக்கு ஒன்று போனால் தாங்கலாம். இருப்பதே ஒன்று என்றால்? அதனால் அந்த மாட்டுக்கு ஊசி போட வருபவர் யார், என்ன படித்தவர் என்று நீங்கள் கேட்கத்தான் வேணும்.

முன்காலத்தில் ஊருக்கு ஊர் மாட்டு வைத்தியர் இருந்தார். பச்சிலை அரைத்துக் கொடுப்பார், சூடு போடுவார். சில நோய் கேட்கும். வெக்கை நோய் வந்துவிட்டாலோ கொட்டிலே காலியாகிவிடும். 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அங்கே பட்டப்படிப்பு வந்தது.

ஆனால் டாக்டர்கள் கொஞ்சம், மாடுகளோ லட்சக்கணக்கு. 1954-இல் வெக்கை நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் ஆரம்பமானபோது, பயிற்சி பெற்ற உதவியாளர்களும் டாக்டர்களோடு ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டார்கள். நம் பெங்களூர் சாலையிலேயே உள்ள ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து தயாரானது. 1995-க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் தலைகாட்டவில்லை. 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த உதவியாளர்களின் கை சாதாரணக் கையா, சொல்லுங்கள்!

அந்தக் கை எதுவரை போகலாம் என்று வரம்பு கட்டியது 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். கவுன்சிலில் பெயர் பதிந்த டாக்டர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். டிப்ளமோ அல்லது சான்றிதழ் பெற்ற உதவியாளர், மாநில அரசின் அனுமதியோடு, டாக்டரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்யலாம். தடுப்பூசி போடுவது, காயடிப்பது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது போன்றவை அதில் சேரும். வேறு எவை சேரும் என்பதை மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் வரும். ‘கால்நடை உதவி மருத்துவர்’ என்றால் உதவியாளர் இல்லை. பட்டம் பெற்ற முழு டாக்டர். ‘கால்நடை ஆய்வாளர்’ என்பவர் துறையில் பயிற்சி பெற்றவர். கிளை நிலையத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இவரைத்தான்.

அமெரிக்காவில் இதற்குத் தனிப் பரீட்சையே உண்டு. நியூயார்க் மாநிலத்தில் டெல்லி என்று ஓர் ஊர். அங்கேதான் 1961-இல் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பு முதலில் வந்தது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சையில் தேறினால்தான் உரிமம். மூன்று மணி நேரம், 170 கேள்விகள். அவ்வளவும் தேறினாலும் நோய் இன்னதென்று முடிவு சொல்லவோ, மருந்துச் சீட்டு எழுதவோ, அறுவை செய்யவோ அவருக்கு அனுமதி இல்லை. நம் நாட்டில் உதவியாளருக்கு இப்படி ஒரே பொதுப் பரீட்சை கிடையாது; பயிற்சிச் சான்றிதழும் டாக்டரின் மேற்பார்வையும்தான் பாதுகாப்பு.

ஆகவே பையோடு யாராவது வந்தால், "எந்த நிலையத்திலிருந்து வர்றீங்க? என்ன சான்றிதழ் இருக்கு? எந்த டாக்டரின் மேற்பார்வை?" என்று தயங்காமல் கேளுங்க. முறையாகப் பயின்றவர் கோபப்பட மாட்டார். போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்றும் கேளுங்கள். கன்று மாட்டிக்கொண்டாலோ, வயிறு உப்பினாலோ, மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்தாலோ டாக்டரையே கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உதவிக்கு வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மாட்டின் மேல் பிரியம் இருந்து, இந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அந்தச் சான்றிதழைக் கால்நடை பராமரிப்புத் துறை ஏற்கிறதா என்று பக்கத்து மருந்தகத்தில் விசாரியுங்கள். ஏற்காத சான்றிதழால் பிள்ளைக்கும் பயனில்லை, மாட்டுக்கும் பயனில்லை.