‘ஒன்லி’ எங்கே உட்கார வேண்டும்?



என்னிடம் படித்து, இன்று தானே ஆசிரியையாக இருக்கும் ஒரு மாணவி சென்ற வாரம் பேசினாள். “சார், ஒரு பையன் ‘ஐ கேன் ஒன்லி ஸ்டே ஃபார் அன் அவர்’ என்று எழுதியிருந்தான். நீங்கள் சொன்ன விதிப்படி சிவப்பு மையால் அடித்து, ‘ஐ கேன் ஸ்டே ஃபார் ஒன்லி அன் அவர்’ என்று திருத்தினேன். சரிதானே?” என்றாள்.

சரியில்லை அம்மா. தவறு உன்னுடையது அல்ல, என்னுடையது. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ எல்லாம் பழைய ஆங்கிலத்தில் தனித்து நின்ற வினைகள். ‘கேன்’ என்றால் அறிதல், ‘மே’ என்றால் வலிமை பெற்றிருத்தல், ‘ஷல்’ என்றால் கடன்பட்டிருத்தல். காலப்போக்கில் அவை தனித்தன்மை இழந்து, இன்னொரு வினையைத் தாங்கும் துணைவினைகளாகிவிட்டன. துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் உள்ள இடமே ‘ஒன்லி’, ‘ஆல்ஸோ’, ‘ஈவன்’ போன்ற சொற்களுக்கு இயல்பான இருக்கையானது. ‘யூ மஸ்ட் ஆல்ஸோ சைன்’, ‘ஷீ கேன் ஈவன் ஸ்விம்’ என்கிறோம் அல்லவா?

1762இல் ராபர்ட் லவுத் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு சிறு இலக்கண நூல் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். ‘ஒன்லி’ எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் அருகிலேயே நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் நூலைப் பெரிதும் பின்பற்றி 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய இலக்கணம் பள்ளிகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது. இப்படி ஓர் அறிஞரின் கருத்து வகுப்பறைச் சட்டமானது.

1926இல் ஃபவுலர் தம் புகழ்பெற்ற அகராதியில் இதை எதிர்த்தார். பொருளில் குழப்பம் இல்லாதபோது ‘ஒன்லி’யை அதன் இயல்பான இடத்திலிருந்து பிடித்து இழுப்பது வீண் கெடுபிடி என்பது அவர் வாதம்.

நமக்கு மட்டும் லவுத் சொன்னது ஏன் அவ்வளவு பிடித்துப்போனது? நம் தமிழ்தான் காரணம் என்று நினைக்கிறேன். ‘மட்டும்’, ‘கூட’, ‘தான்’ ஆகியவை நாம் அழுத்த நினைக்கும் சொல்லின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். ‘ஒரு மணி நேரம் மட்டும்’ என்போம். ‘மட்டும் இருப்பேன்’ என்று யாராவது சொல்வோமா? அந்தப் பழக்கத்தோடு பார்த்தால் ‘கேன் ஒன்லி ஸ்டே’ தவறாகவே தோன்றும். ஆங்கிலம் அந்த வேலையைக் குரல் அழுத்தத்தால் செய்கிறது. ‘ஒன்லி’ நடுவில் இருந்தாலும் ‘அன் அவர்’ என்பதை அழுத்திச் சொன்னால் பொருள் விளங்கிவிடும்.

இடம் மாறினால் பொருள் மாறும் வாக்கியங்களும் உண்டு. ‘ஒன்லி ராமு கேன் டிரைவ் த வேன்’ என்றால் ராமு மட்டும்தான் ஓட்ட முடியும். ‘ராமு கேன் ஒன்லி டிரைவ் த வேன்’ என்றால் வேன் மட்டும்தான் ஓட்டுவானா, ஓட்ட மட்டும்தான் தெரியுமா என்ற கேள்வி வரும். எழுத்தில் குரல் கேட்காது. அங்கே லவுத் சொன்னதைக் கேளுங்கள். குழப்பம் இல்லாத இடத்தில் ‘ஒன்லி’யை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

இனி என் குற்றம். நாம் எல்லோரும் படித்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். லவுத் சொன்ன விதி இருக்கிறது. அதை அடுத்தே, பேச்சில் ‘ஒன்லி’ வழக்கமாக வினைக்கு முன் வரும், அழுத்தம் பொருளைக் காட்டிவிடும் என்ற விளக்கமும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் உங்களுக்கு விதியை மட்டும் படித்துக் காட்டினேன். விளக்கத்தை விட்டுவிட்டேன்.

அதனால் மதிப்பெண் இழந்த பிள்ளைகள் இதைப் படித்தால் என்னை மன்னியுங்கள். ஆசிரியராக இருப்பவர்கள் சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் அடுத்த வரியையும் படியுங்கள். அந்தப் பையனுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நேற்று மாணவி சொன்னாள். மனம் கொஞ்சம் லேசானது.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்