வற்றாப்பளைக்கு வந்த டொயோட்டா

வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடைபெறும்போது, நந்திக்கடலோரத்து வெளியில் வந்து நிற்கும் வாகனங்களை ஒருமுறை சுற்றிப் பார்ப்பவர், வன்னி நாட்டுப் பிரயாணத்தின் சரித்திரத்தைப் பெரும்பாலும் அங்கேயே கண்டுகொள்ளலாம். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைத் தரிசிக்க யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் அடியார்கள் திரள்வது பழைய வழக்கம். அவர்கள் வந்து சேரும் விதந்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. அரிசியும் பானையும் விறகும் ஏற்றி, காட்டு வழியில் இரவு தங்கித் தங்கி, மாட்டுவண்டிகள் வரிசையாக வந்த காலம் ஒன்று; ஒஸ்ரின் காரும் மொறிஸ் மைனரும் பெட்போர்ட் லொறியும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்த காலம் மற்றொன்று. இன்று அந்த வெளியில் மோட்டார் சைக்கிளையும் பஸ்ஸையும் விட்டால், கண்ணுக்கு அதிகம் தட்டுப்படுவது டொயோட்டா ஹயஸ் வான். அதன் முன்கண்ணாடியில் அம்மன் படமோ பிள்ளையார் படமோ ஒட்டியிருக்கும். பின்கதவு திறந்திருக்க, பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பெயர் இந்தக் கரையை வந்தடைந்த வழி மிகவும் சுற்றுவழி. டொயோட்டா என்ற ஸ்தாபனம் நெசவுத் தறியிலிருந்து பிறந்தது. தச்சர் ஒருவரின் மகனாகிய சாகிச்சி டொயோடா, ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை அமைத்தார். குறையுள்ள துணி ஒரு முழமேனும் நெய்யப்படக் கூடாது என்பது அவருடைய கொள்கை. 1924இல் பூர்த்தியான அவரது தானியங்கித் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பனி ஒரு லட்சம் பவுணுக்கு வாங்கியது. தந்தையின் தறிக் கம்பனிக்குள்ளேயே மோட்டார் வாகன ஆராய்ச்சியைத் தொடங்கிய மகன் கீச்சிரோ, 1935இல் முதல் லொறியையும், 1936இல் முதற் காரையும் வெளியிட்டு, 1937இல் டொயோட்டா மோட்டார் கம்பனியைத் தனியாக நிறுவினார். யுத்தம் வந்தது, யப்பான் தோற்றது. 1950இல் கம்பனி வங்குரோத்தின் விளிம்பிலே நின்றபோது, தொழிலாளர் பலரை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்ததற்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோ பதவி விலகினார். அவர் விலகிய சில வாரங்களுக்குள் கொரிய யுத்தம் மூண்டு, அமெரிக்க சேனைக்கு லொறிகள் தேவைப்பட, கம்பனி பிழைத்துக்கொண்டது. பிழைத்த கம்பனியின் செழிப்பைக் காண அவர் இருக்கவில்லை, 1952இல் காலமானார்.

யப்பானின் முகம் நமக்கு முதலில் அறிமுகமானது ஆகாயத்திலிருந்து. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின; திருகோணமலை முல்லைத்தீவுக் கரைக்குத் தெற்கே அதிக தூரத்தில் இல்லை. அதன் பின் பத்தாண்டுகூட நிறையாத 1951 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோ நகரிலே கூடிய சமாதான மகாநாட்டில், இலங்கையின் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடம் நஷ்டஈடு கோரும் உரிமையைத் தமது நாடு பிரயோகிக்கப் போவதில்லை என்று பேசி உலகத்தின் கவனத்தைப் பெற்றார். அதே மனிதர் 1977இல் ஆட்சிக்கு வந்து, அந்நியச் செலாவணி இல்லையென்று பல வருஷங்களாக அடைத்து வைத்திருந்த இறக்குமதிக் கதவுகளைத் திறந்தபோது, உள்ளே வந்தவற்றுள் முன்வரிசையில் நின்றவை யப்பானிய வாகனங்கள். அந்த மகாநாட்டுப் பேச்சுக்கும் இந்த வரவுக்கும் காரண காரிய சம்பந்தம் கற்பிக்க நான் முயலவில்லை. ஆயினும் ஒரே மனிதருடைய பெயர் இரண்டிலும் வருவதைச் சரித்திரம் படிப்பவன் கவனியாமல் போக முடியாது.

உண்மைக் காரணம் எளியது. யப்பானியரும் நம்மைப் போலவே பாதையின் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே அவர்களுடைய வாகனத்தின் சுக்கானும் வலப்புறத்தில் இருக்கிறது. அங்கே வாகனங்களைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கடும் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதற்கு ஆகும் செலவை நினைத்து அந்நாட்டார் நல்ல நிலையிலுள்ள வாகனத்தையே சில வருஷங்களில் கழித்துவிடுகிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்டவை கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் விற்கப்பட்டன. புத்தம் புதிய டொயோட்டாவை வாங்கிய வன்னியார் மிகச் சிலரே. நம்மவர் கைக்கு வரும்போது அது யப்பானில் ஒருவரிடமும் பின்பு கொழும்பிலோ குருநாகலிலோ இருவர் மூவரிடமும் உழைத்துக் களைத்த வாகனமாகவே இருந்தது.

அதிலும் கார் என்பது இவ்வூருக்கு அதிகம் பயன்படவில்லை. நந்திக்கடலில் இறாலும் மீனும் பிடிப்பவனுக்கும், தண்ணிமுறிப்பு வாய்க்கால் நீரை நம்பி வயல் செய்பவனுக்கும், நான்கு பேர் சாய்ந்து அமரும் கொரோலா எதற்கு? மூட்டை ஏற்ற வேண்டும், மீன்பெட்டி ஏற்ற வேண்டும், கலியாணத்துக்குச் சனம் ஏற்ற வேண்டும், நடுச்சாமத்தில் பிரசவ வேதனையில் துடிப்பவளை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1967இல் யப்பானில் பிறந்த ஹயஸ் வானும், அதற்கு அடுத்த வருஷம் பிறந்த ஹைலக்ஸ் பிக்கப்பும் இந்தத் தேவைகளுக்காகவே அமைந்தன போலப் பொருந்தின. 1989இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஹயஸ் உருண்ட முகத்தோடு வந்ததால் இலங்கை முழுவதும் அதற்கு 'டொல்பின்' என்று பெயர் வந்துவிட்டது. சரக்கு வானாக வந்தவற்றுக்குக் கண்ணாடி வெட்டி, இருக்கை பொருத்தி, கூரையில் சாமான் கட்டக் கம்பி அடித்து, பிரயாணிகள் வானாக மாற்றும் கைத்தொழில் ஒன்றும் இதனால் இந்நாட்டில் வளர்ந்தது.

டொல்பினை வைத்திருந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது புகழும் குறையும் கலந்தே வரும். அதன் டீசல் யந்திரம் சாரதியின் ஆசனத்துக்குக் கீழே இருப்பது. ஆசனத்தைத் தூக்கினால்தான் யந்திரத்தைக் காணலாம். மத்தியான வெயிலில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரையும் ஓட்டி வந்தவனுக்குக் கீழிருந்து ஒரு சூடு, மேலிருந்து ஒரு சூடு. 2779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அந்த யந்திரத்தில் மின்னணு மூளை எதுவும் இல்லை. பம்ப் டீசலை அளந்து தள்ளும், யந்திரம் அதை எரிக்கும், அவ்வளவே. அதனால் சாவித் தொகுதியும் சிறிது பொறுமையும் உள்ள எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். ஆனால் றேடியேற்றரில் தண்ணீர் வற்றியதைக் கவனியாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும். ரைமிங் பெல்ற்றைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் ஒருநாள் நடுவழியில் அது அறுந்து, வால்வுகளை வளைத்து, உடையவனின் ஒரு போகத்து வருமானத்தை விழுங்கிவிடும். நல்ல மெக்கானிக்குக்கு வானைக் கொண்டுபோனால், முதலில் அவர் கேட்பது பெல்ற் எப்போது மாற்றினீர்கள் என்பதையே.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்ததோடு இந்த ஒழுங்கெல்லாம் குலைந்தது. பெற்றோலும் டீசலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். கொழும்பிலே பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவில் எந்தப் பாகமும் எளிதிற் கிடைத்திருக்கும். ஆனால் பஞ்சிகாவத்தைக்கும் வற்றாப்பளைக்கும் இடையே பாஸ் என்ற அனுமதிச் சீட்டும் சோதனைச் சாவடியும் போர்முனையும் கிடந்தன. பெற்றோல் யந்திரங்கள் மண்ணெண்ணெய்க்குப் பழக்கப்பட்டன: சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நெடியும் சகிக்க முடியாதவை. ஆயினும் வண்டி ஓடிற்று. டீசல் யந்திரத்துக்கு வேறு உபாயம். மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு, தனியே ஊற்றினால் பம்ப் தேய்ந்துபோகும் என்பதால் எஞ்சின் ஒயிலோ தாவர எண்ணெயோ சிறிது கலந்தார்கள். பற்றறி செத்தால் பத்துப் பேர் தள்ளி இயக்கினார்கள். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவர்களுள் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருந்தது இந்தப் பக்கத்துக்கு ஒரு பாக்கியம். கடைச்சல் பட்டறையில் கடைந்த துண்டும், இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய துண்டும், ரியூப் றப்பரை வெட்டிச் செய்த வாசரும் யப்பானியத் தொழிற்சாலையின் பாகங்களுக்குப் பதிலாக அமர்ந்தன.

இங்கேதான் எனக்கு ஒரு விசித்திரம் புலப்படுகிறது. நூல் அறுந்தால் நிற்க வேண்டும் என்ற சாகிச்சியின் கொள்கை பின்பு டொயோட்டாத் தொழிற்சாலையின் மூலதர்மமாயிற்று. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற விதி அதிலிருந்து வந்தது. அந்தத் தொழிற்சாலையிற் பிறந்த வாகனம் வன்னியில் வாழ்ந்ததோ நேர்மாறான தர்மத்தால்: எத்தனை நூல் அறுந்தாலும் நிற்கக் கூடாது. காயப்பட்டவர்களைப் புதுக்குடியிருப்புக்கு ஏற்றிச் செல்லும் வானின் சாரதி, யந்திரத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்கிறதே என்று நிறுத்திப் பார்ப்பாரா? 'டொயோட்டா கைவிடாது' என்று நம்மவர் சொல்லும்போது பெருமை முழுவதையும் யப்பானுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதிற் பாதியையாவது, கராஜ் என்ற பெயரில் மரநிழலில் படங்கு விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவர்களுக்குக் கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது வேறொரு காலம் பிறந்தது. ஓமந்தையைக் கடந்து உள்ளே வரும் வாகனங்களுக்கும் சரக்குகளுக்கும் புலிகள் வரி அறவிட்டனர். அதையும் கட்டிக்கொண்டு வான்கள் வந்தன. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பல வருஷங்களுக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தவர்கள் கொழும்பில் ஹயஸ் வானை ஹயருக்குப் பிடித்து, நேரே அம்மன் வாசலில் வந்து இறங்கினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி முல்லைத்தீவை அழித்த பின்பு, தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குறூசர்களும் கெப் வாகனங்களும் கொடி பறக்க ஓடித் திரிந்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளை லாண்ட் குறூசர் என்பது, வெளியுலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஓர் அத்தாட்சி. 2008 செப்டம்பர் நடுப்பகுதியில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று ஜனங்கள் வாசலிலே நின்று மன்றாடினர். வாகனங்கள் போய்விட்டன.

அதற்குப் பின் நடந்தவற்றை விரித்துரைப்பது இக்கட்டுரைக்கு உரியதன்று. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று கிழக்கு நோக்கிச் சனம் நகர நகர, உழவு இயந்திரமும் லொறியும் வானும் வீட்டுச் சாமானைச் சுமந்து கூடவே நகர்ந்தன. முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் பாதையும் இல்லை, எரிபொருளும் இல்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தை ஜனங்கள் கால்நடையாகவே கடந்தார்கள். நந்திக்கடலுக்கு அக்கரையில் எரிந்தும் துளைபட்டும் நின்ற வாகனங்கள் வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் குவியலாகக் கிடந்தன. மீள்குடியேறிய பின்பு தம் வண்டியைத் தேடிப் போனவர்களுள், உரிமையை நிரூபித்துச் சிலர் மீட்டார்கள். பலர் கண்டது, யந்திரமும் சில்லும் கழன்ற வெறுங்கூட்டை.

சமாதான காலத்தில் லீசிங் கம்பனிகள் வந்தன. அவற்றின் கடனில் இந்தியாவின் முச்சக்கர வண்டியும் பட்டா லொறியும் வந்தன. மீன்பெட்டி ஏற்றும் வேலையைப் பட்டா எடுத்துக்கொண்டது. ஹயஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கோயில் யாத்திரைக்காரரையும் ஏற்றும் கௌரவ உத்தியோகத்துக்கு உயர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், முப்பது வருஷப் பழைய டொல்பினின் விலை ஏறத் தொடங்கிற்று. பழசாகப் பழசாக விலை குறையும் என்ற வியாபார நியதி இந்நாட்டிலே தலைகீழானது. 2022இல் தென்னிலங்கையார் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கியதை உலகம் அதிசயமாய்ப் பார்த்தபோது, இப்பக்கத்து முதிய சாரதிகளுக்கு அது அவ்வளவு அதிசயமாகப் படவில்லை. மண்ணெண்ணெய்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய ஆதங்கம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்பும், வரியெல்லாம் சேர்ந்து வரும் விலை இவ்வூராரின் கைக்கு எட்டுவதாயில்லை. ஆதலால் பழைய வான்களே இன்றும் கைமாறுகின்றன. வாங்க வருபவர் ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை ஏறெடுத்தும் பாரார். அதைத் திருப்பிவைப்பது யாருக்கும் தெரிந்த வித்தை. யந்திரத்தை இயக்கி, புகையின் நிறத்தைப் பார்ப்பார். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். கீழே குனிந்து துருவைத் தட்டிப் பார்ப்பார். இவையெல்லாம் திருப்தியான பின்பும் முன்பணம் கொடுக்கமாட்டார். யுத்தத்தில் வீட்டோடு கடதாசிகளையும் இழந்தவர்கள் நிறைந்த பிரதேசம் இது. ஆகவே சேசிஸ் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு, வண்டியின் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார், கையெழுத்து வாங்கலாமா என்றுதான் அவர் விசாரிப்பார்.