ஏர்வாடிச் சந்தனக்கூடும் சாயல்குடிக் கரையும்

சாயல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கீழக்கரை நோக்கிச் செல்வோர் இடையில் அடையும் ஏர்வாடி, மதீனாவிலிருந்து வந்து இம்மண்ணில் அடங்கியவராகப் போற்றப்படும் சுல்தான் செய்யிது இபுறாகீம் ஷஹீது வலியுல்லாவின் தர்காவால் பெயர்பெற்ற ஊராகும். 12ஆம் நூற்றாண்டில் மார்க்கப் பணிக்கென வந்த அவர் பாண்டியரோடு போரிட்டு, பௌத்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்து சில ஆண்டுகள் ஆட்சி செய்து, பின்னர் போரிலேயே உயிர்நீத்தார் என்பது தர்கா மரபு. ‘ஷஹீது’ என்னும் அரபுச் சொல்லும் அறப்போரில் உயிர்நீத்தவரையே குறிக்கும். இம்மரபுக்குத் தமிழில் காவிய வடிவம் தந்தவர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘தீன் விளக்கம்’ இயற்றிய வண்ணக்களஞ்சியப் புலவர் ஆவார்.

செய்யிது இபுறாகீம் நினைவாக நடக்கும் உரூஸ் (இறைநேசர் மறைந்த நாளையொட்டிய விழா) இசுலாமிய ஆண்டின் துல்கஅதா மாதத்தில், புகழ்மாலையாகிய மௌலிது ஓதுதலுடன் தொடங்கிக் கொடியேற்றத்தால் ஊரறியச் செய்யப்படுகிறது. பிறைக் கணக்கிலான ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டதாதலால், விழா ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் வெயில், மழை, பனி ஆகிய எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. விழாவின் உயிர்நிலை சந்தனக்கூடு ஆகும். வண்ணத் தாள்களாலும் விளக்குகளாலும் அணிசெய்யப்பட்டுத் தேர்போல் உயர்ந்து நிற்கும் கூடு, மேளமும் குதிரைகளும் சூழ இரவெல்லாம் ஊர்வந்து, விடியலில் தர்காவை அடைந்து வலம்வந்த பின்னர், அரைத்த சந்தனம் அடக்கத்தலத்தில் பூசப்படுகிறது. பனையும் உப்புக்காற்றும் நிறைந்த இக்கரையின் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து, நேர்ச்சை (வேண்டுதலுக்குரிய காணிக்கை) செலுத்தி, அச்சந்தனத்தில் சிறிது பெற்றுத் திரும்புவது நெடுநாள் வழக்கமாகும்.

கடல்கடந்து வந்தோரை விழாவால் நினைவில் வைப்பது பிற நாடுகளிலும் உண்டு. 1845இல் செருமானியக் குடியேறிகள் அமெரிக்காவின் டெக்சாசில் நிறுவிய நியூ பிரான்ஃபெல்சு என்னும் நகரம், 1961 முதல் ‘ஊர்ஸ்ட்ஃபெஸ்ட்’ என்னும் இறைச்சிக்குழல் விழாவை நடத்தி, குடியேறிகளின் உணவையும் இசையையும் பேணுகிறது. அது வழித்தோன்றல்கள் தம் முன்னோர் மரபைக் கொண்டாடும் விழா. ஏர்வாடியிலோ, பாண்டியரோடு போரிட்டவராக மரபு கூறும் ஒருவரைப் பாண்டிய நாட்டு மக்களே, இந்துக்களும் கிறித்தவர்களும் உட்பட, தம்மவராகக் கொண்டு நேர்ச்சை செய்கின்றனர். மகப்பேறு வேண்டிப் பலன்பெற்ற, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர் தர்காவுக்கு நிலம் வழங்கினார் என்ற செய்தியையும் அம்மரபே பாதுகாத்து வருகிறது. குருதித் தொடர்பை வேண்டாத இவ்வுறவே இக்கரையின் வரலாற்றில் முதன்மையாக எழுதப்பட வேண்டியது.

சந்தனக்கூடு நாளுக்கு இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பணிநாளாக்குகிறது; அவ்விடுமுறை மாவட்டத்தின் எல்லாச் சமயத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியது.